பலாப்பழத்தைத் திருப்பி எடுக்காத நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜன்னலோரக் கதிரையில் ஸ்வென். எழுபத்து நான்கு வயது. வாழ்நாள் முழுக்கக் கடலில் மீன் பிடித்தவர். இடது கால் போர்வைக்குள் இருந்தது.

அவருக்குப் பக்கத்துக் கதிரையில் நான்.

எனக்கு எதிரே மெட்ட. முப்பது வயதைத் தாண்டாத பெண். மடியில் டெலிபோன், திரை மேலே பார்த்தபடி. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது என்று எந்த நேரமும் அழைப்பு வரலாம். அதனால் அவள் அதைக் கவிழ்த்து வைப்பதே இல்லை.

அவளுக்குப் பக்கத்தில் காது கேளாத ஒரு வயதான அம்மா. ஊசி குத்தியவுடன் நித்திரையாகிவிடுவா. அன்றும் நித்திரை.

நேர்ஸ் கிர்ஸ்டன். வாசலில் நின்றாள்.

ஆட்கள் அவ்வளவுதான். ஆளுக்கொரு மெஷின். இரத்தம் ஒரு குழாயால் போய் மற்றக் குழாயால் திரும்பிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகக் காற்று ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"சிவா, இண்டைக்கு ஒழுங்காய் விளையாடு" என்றார் ஸ்வென்.

"ஓம்" என்றேன்.

நான் வென்றால் அவர் இனி இந்தக் கதிரைக்கு வரமாட்டார். டயலிசிஸை நிறுத்தினால் ஒரு கிழமை உயிரோடு இருப்பார், மிஞ்சினால் இரண்டு. நித்திரையில் இருந்த அம்மாவைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒடென்சே அம்மாவின் கேள்வி

இதை எழுத வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பத்திரிகையில் மீன் பக்டரிக் கதையை மூன்று கிழமையாக எழுதினேன். அதில் ஒரு இடத்தில், ஆஸ்பத்திரியில் மிருகச் சண்டை விளையாடினேன் என்று ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒடென்சே நகரத்திலிருந்து ஒரு அம்மா டெலிபோன் எடுத்தா.

"அண்ணை, என்ரை மகளும் உந்த விளையாட்டுத்தான். ஒவ்வொரு நாளும் தோத்துப்போட்டு வந்து கதவை அடிச்சுச் சாத்துறாள். புதுசாய்ப் பழகிற ஆக்கள் எப்பிடித் தேறுறது எண்டு ஒருக்கா எழுதுங்கோவன்."

"எனக்கு அவ்வளவு தெரியாது, தங்கச்சி."

"தெரிஞ்சதை எழுதுங்கோ."

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். தெரிந்ததை எழுதுகிறேன். ஆனால் ஸ்வென்னை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வென்னும் மெட்டவும் பேசியது டேனிஷ். எனக்குள் அது தமிழாகத்தான் கிடக்கிறது. கிடக்கிற மாதிரியே தருகிறேன்.

ஒரு கை போதும்

செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. அசைத்தால் மெஷின் கத்தும். மற்றக் கை சும்மா கிடக்கும்.

முதல் வருடம் நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் சதுரச் சதுரமாகத் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் சின்னச் சின்ன ஓட்டை. வேறு ஒன்றும் இல்லை.

மெட்டதான் விளையாட்டைக் கொண்டுவந்தாள். வருத்தம் வருமுன் பெரிய மண்டபங்களில் போட்டிக்குப் போனவள். தன்னிடம் இருந்த பழைய கையடக்க விளையாட்டு மெஷின்கள் இரண்டை எனக்கும் ஸ்வென்னுக்கும் தந்தாள். தலையணையை மடியில் வைத்து, மெஷினை அதன்மேல் வைத்து, ஒரு கையால் பொத்தானை அமத்த வேண்டும்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு ஆறு மிருகம். உலகத்தில் இல்லாத மிருகங்கள். ஒன்று நெருப்பு, ஒன்று தண்ணீர், ஒன்று செடி. இப்படிப் பல வகை. தண்ணீர் நெருப்பை அணைக்கும். நெருப்பு செடியை எரிக்கும். செடி தண்ணீரைக் குடிக்கும்.

தொடங்குமுன் இரண்டு பேரின் ஆறும் இரண்டு பேருக்கும் தெரியும். ஆறில் நாலைத்தான் கொண்டுபோகலாம். இரண்டு முன்னுக்கு நிற்கும். இரண்டு பின்னுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அடிக்கலாம், தடுக்கலாம், அல்லது முன்னுக்கு நிற்பதை எடுத்துவிட்டுப் பின்னுக்கு நிற்பதை விடலாம். இரண்டு பேரும் மற்றவருக்குத் தெரியாமல் தெரிவு செய்வார்கள். பிறகு எல்லாம் ஒன்றாய் நடக்கும். நாலும் விழுந்தவர் தோற்றவர்.

மிருகங்களுக்கு நாங்களே பெயர் வைக்கலாம். ஸ்வென் தான் வேலை செய்த படகுகளின் பெயரை வைத்தார். எல்லாம் பெண்களின் பெயர். கடல் மிருகம் இங்கா. நெருப்பு மிருகம் கார்லா.

மெட்ட என்னிடம் கேட்டாள். நான் யோசித்துச் சொன்னேன். இளநீர், ஊறுகாய், கருவாடு, பலாப்பழம், வாழைப்பழம், தேத்தண்ணி.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டாள்.

"சிறுநீரகம் போனவன் தொடக்கூடாத சாமான்."

ஸ்வென் சிரித்ததில் அவருடைய மெஷின் கத்தியது. கிர்ஸ்டன் ஓடி வந்தாள்.

ஆறும் வெட்டினால் ஐஸ் போடுவது ஆர்

முதல் ஆட்டங்களில் நான் நல்லாய் அடிக்கிற மிருகங்களாகத் தேடி எடுத்தேன். ஆறும் அடிகாரர். ஒவ்வொரு ஆட்டமும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மெட்ட விளக்கம் சொல்லத் தொடங்கினாள். எனக்கு அந்த டேனிஷ் பிடிபடவில்லை. பிறகு நானே, வேலை செய்த மீன் பக்டரியை நினைத்தேன். எங்கள் வரிசையில் ஆறு பேர். ஒருவன் பெட்டியைத் தூக்குவான். இரண்டு பேர் வெட்டுவார்கள். ஒருத்தி முள் எடுப்பாள். ஒருத்தி நிறுப்பாள். ஒருவன் ஐஸ் போடுவான். ஆறு பேரும் கத்தியைத் தூக்கினால் மீன் நாறிப்போகும்.

அதற்குப் பிறகு மாற்றினேன். ஊறுகாயும் வாழைப்பழமும் அடிக்க. ஊறுகாய் நெருப்பு வகை. வாழைப்பழம்தான் வேகம், முதல் அடி அதனுடையது. கருவாடு எதிராளியைக் கொஞ்சம் கொஞ்சமாய் நஞ்சூட்ட. தேத்தண்ணி மற்றவைக்குத் தெம்பு கொடுக்க. இளநீர் தண்ணீர் வகை, நெருப்பை அணைக்க. பலாப்பழம் செடி வகை. அசைய நேரம் எடுக்கும். எல்லோருக்கும் கடைசியாகத்தான் அடிக்கும். ஆனால் தாங்கும். அடித்தால் கடல் மிருகம் படுக்கும்.

தங்கச்சி, மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஆறையும் மாற்றக் கூடாது. நான் மாற்றினேன். ஒன்றையும் பழகவில்லை. மெட்ட ஏசினாள். ஒரு ஆட்டத்துக்கு ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எது பிழை என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். சரியான கேள்வி.

பிறகு எழுதுகிற கொப்பி. தோற்றவுடன் காரணம் ஒரு வரியில் எழுத வேண்டும். அதிர்ஷ்டம் என்று எழுதக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். நான் தமிழில் எழுதுவேன், அவளுக்கு வாசித்துச் சொல்வேன். "ஊறுகாயை இங்காவுக்கு முன்னால் விட்டேன், அணைந்தது." "தடுக்க வேண்டிய நேரம் அடித்தேன்." "அவருடைய ஆறையும் பார்க்காமல் என்னுடைய நாலை எடுத்தேன்."

ஒரு பக்கம் நிறைந்தபோது பார்த்தேன். பாதி வரிகள் ஒரே காரணம்.

"பலாப்பழத்தைத் திருப்பி எடுத்தேன்."

கார்லா நெருப்போடு முன்னுக்கு வந்தால் எனக்குத் தாங்காது. பலாப்பழம் எரியப்போகிறது என்று உடனே எடுத்துவிட்டு இளநீரை விடுவேன். ஒவ்வொரு முறையும். ஸ்வென் அதைப் படித்துவிட்டார். நான் எடுக்கப்போகிறேன் என்று தெரிந்து, வரப்போகிற இளநீருக்கு இங்காவால் மின்னல் அடிப்பார். தண்ணீர் வகைக்கு மின்னல் தாங்காது. இளநீர் வந்து நிற்கமுன் விழும். பிறகு பலாப்பழமும் எரியும்.

"அதை விடு" என்பாள் மெட்ட. "ஒண்டு விழத்தான் வேணும். எல்லாத்தையும் காப்பாத்தப் பாத்தால் எல்லாம் போகும். அது சாகிறேல்லை, அடுத்த ஆட்டத்துக்கு எழும்பி வரும்."

"தெரியும்" என்பேன். அடுத்த ஆட்டத்திலும் எடுப்பேன்.

கையில் அடித்த சத்தியம்

இலை கொட்டும் காலம். ஸ்வென்னுடைய கால்விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, காலநிலை கதைப்பது போல எங்களிடம் சொன்னார்.

"நான் உந்த டயலிசிஸை நிப்பாட்டப்போறன். டொக்டரோடை கதைச்சாச்சு. மகளோடையும் கதைச்சாச்சு. அடுத்த கிழமை வரமாட்டன்."

மெட்ட தன் விளையாட்டு மெஷினைக் கீழே வைத்தாள்.

நான் அந்த அறையில் அதற்கு முன் மூன்று பேர் போனதைப் பார்த்தவன். ஒரு நாள் கதிரையில் புது விரிப்பு. அடுத்த முறை வரும்போது அதில் புது ஆள். இடைவெளி ஒரு நாள்தான். ஸ்வென்னுடைய கதிரையில் புது விரிப்பைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக ஒரே ஆஸ்பத்திரி வாகனத்தில் வந்து போனவர்கள். அவர் பிடித்த மீனை நான் வெட்டியிருப்பேன். அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "நான் அதைப் பிடிச்சன், நீ அதின்ரை தலையை எடுத்தாய், ரெண்டு பேரையும் அது சாபம் போட்டிட்டுது."

அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் ஒருக்கா உன்னை வெல்லுமட்டும் நீ நிக்க வேணும்."

"உன்னாலை வெல்ல ஏலாது, சிவா."

"அப்ப உனக்கு என்ன பயம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நல்ல கையை நீட்டினேன். "கையிலை அடி. எங்கட ஊரிலை சத்தியம் எண்டால் கையிலை அடிக்கிறது."

"வந்த ஒவ்வொரு நாளும் கணக்குக்கு ஒரு ஆட்டம். நீ வெண்டால் நான் போவன்" என்றார்.

"ஓம்."

அடித்தார். கயிறு இழுத்த கை. உள்ளங்கை எரிந்தது.

நாங்கள் சொல்லுகிற சொல்

இங்கே நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்கள் வருத்தக்காரரிடம் என்னவும் சொல்வோம். உமக்கு ஒன்றும் இல்லை. தைப்பொங்கலுக்கு எழும்பி நடப்பீர். என்ரை பேரனின் கலியாணத்துக்கு நீர்தான் முன்னுக்கு நிற்கவேண்டும். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அது சொல்லுக்கு நிற்கிற சொல் இல்லை. தேத்தண்ணி கொடுக்கிற மாதிரி, ஒன்று கொடுப்பது.

நானும் அப்படித்தான் கையை நீட்டினேன். ஒரு கிழமை நின்றால் மனம் மாறும் என்று நினைத்தேன்.

டேனிஷ்காரர் 'அவ்டேல' என்பார்கள். பேசி ஒத்துக்கொண்டது. பத்து மணி என்றால் பத்து மணிக்கு வந்து நிற்பார்கள். ஸ்வென் கையில் அடித்தது அவருக்கு அவ்டேல. அதற்காக அவர் அந்தக் காலோடு கிழமைக்கு மூன்று நாள் வந்தார். மழையிலும் வந்தார். பனியிலும் வந்தார். வாகனத்தில் ஏறும்போது சத்தம் போடமாட்டார். மூக்கால் மூச்சு விடுவார். அவ்வளவுதான்.

நான் அதை அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

தேறிய விதம்

தேறினேன். எப்போது என்று சொல்லத் தெரியாது. கொப்பியில் காரணங்கள் மாறிக்கொண்டு வந்தன.

ஒரு விஷயம், தொடங்குமுன் இருக்கிற அந்த ஒரு நிமிடம். முன்பு அதில் என் ஆறைப் பார்ப்பேன். பிறகு அவருடைய ஆறைப் பார்த்தேன். இவர் எந்த நாலைக் கொண்டுவருவார், முன்னுக்கு எந்த இரண்டு, என்னுடையதில் எதைக் கண்டு பயப்படுவார். அந்த நிமிடத்திலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

இன்னொன்று, தடுப்பு. புதிதாய் வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அடிக்கத்தான் பார்ப்பார்கள். எதிரே நிற்கிற இரண்டும் என்னுடைய ஒன்றைக் குறிவைத்தால் அந்த ஒன்று தடுக்க வேண்டும். அப்போது அவருடைய இரண்டு அடியும் வீண். என்னுடைய மற்றது சும்மா நின்று அடிக்கும்.

கடைசியாக, ஆளைப் பார்க்க வேண்டும். ஸ்வென் மிருகத்தை மாற்றப்போகிறார் என்றால் மேல் பல்லை நாக்கால் தடவுவார். அடிக்கப்போகிறார் என்றால் தடவமாட்டார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் போனது.

ஈஸ்டர் வந்தது. அதற்குப் பிந்திய ஒரு வியாழக்கிழமை, அவரிடம் கார்லா மட்டும் மிஞ்சியது. அரை உயிர். என்னிடம் இளநீர், முழு உயிர். ஒரு அடி. பெருவிரல் பொத்தானில் நின்றது.

பக்கத்தில் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகப் பக்கம் ஒரு பாரந்தூக்கி மெதுவாகத் திரும்பியது.

தடுப்பை அமத்தினேன். பிறகும் தடுப்பு. மூன்றாம் முறை தேவையில்லாமல் மாற்றினேன். தோற்றேன்.

கொப்பியில் எழுதினேன்: "அவசரம்."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதைத்தான் எழுதினேன்.

வசந்தி கொப்பியைப் பார்த்தாள்

என் மனைவி வசந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஆட்கள் போவதைப் பார்த்துப் பழகியவள். வீட்டில் என் தண்ணீரை அவள்தான் அளப்பாள். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். அதற்குள்தான் தேத்தண்ணியும் சொதியும்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் தண்ணீரை அளந்து வைத்துவிட்டு முன்னால் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ. அந்த மனிசன்ரை கால் இப்ப எப்பிடி?"

"கறுப்பு மேலை ஏறுது."

"மணக்குதோ?"

"ஓம்."

"அப்ப ஏன் நீங்கள் வேணுமெண்டு தோக்கிறியள்?"

"ஆர் சொன்னது?"

"கொப்பியைப் பாத்தன். முந்தி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம். இப்ப அவசரம், அவசரம், அவசரம். நீங்கள் எங்கை அவசரப்படுற ஆள்? என்னைக் கட்ட ஓம் எண்டு சொல்லவே ரெண்டு வருசம் எடுத்தனீங்கள்."

அளந்து வைத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தேன்.

"எங்கட இல்லத்திலை ஒரு கிழவி இருந்தவ. மகன் அவுஸ்திரேலியாவிலையிருந்து வருமட்டும் எண்டு ஒரு மாதம் கிடந்தவ. நான்தான் திருப்பித் திருப்பிப் படுக்க வைச்சன். முதுகு முழுக்கப் புண். மகன் வந்து அஞ்சு நிமிசம் இருந்தான்."

"நான் மகன் இல்லை."

"அதுதானே சொல்லுறன்" என்றாள். எழும்பிப் போய்விட்டாள்.

அந்த வியாழன் நான் மறுபடியும் தோற்றேன். ஊறுகாயை இங்காவுக்கு முன்னால் விட்டேன். அணைந்தது. பிறகு மற்றதெல்லாம் போனது.

சனிக்கிழமையும் அதே மாதிரி. ஸ்வென் விளையாட்டு மெஷினை மூடினார்.

"சிவா. நெருப்பைக் கடலுக்கு முன்னாலை விட்டாய். ரெண்டு நாளாய். அது நீ முதல் மாதம் செய்த பிழை."

"மறந்துபோனன்."

"நீ மறக்கேல்லை."

மூடின மெஷினைத் தலையணைக்குக் கீழே தள்ளினார்.

"நீ கையை நீட்டினாய். நான் அடிச்சன்" என்றார். "நான் என்ரை பக்கம் நிண்டனான். பனிக்குள்ளை நிண்டனான். நீ உன்ரை பக்கம் நிக்கேல்லை."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். சத்தம் உயரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாகனத்திலும் பேசவில்லை.

நான் அவருக்கு நாள் கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நாள் கொடுத்தவர் அவர்.

மறுபடி செவ்வாய்

"இண்டைக்கு ஒழுங்காய் விளையாடு."

"ஓம்."

மெட்ட தன் டெலிபோனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆறையும் பார்த்தேன். அவர் இங்காவையும் கார்லாவையும் கடைசிக்கு வைப்பார் என்று தெரிந்தது. வாழைப்பழம், கருவாடு, பலாப்பழம், இளநீர். இந்த நாலை எடுத்தேன்.

வாழைப்பழம் முதலில் விழுந்தது. விழுமுன் அவருடைய ஒன்றை விழுத்தியது. கருவாடு நஞ்சூட்டியே இன்னொன்றை முடித்தது. இதற்கிடையில் கிர்ஸ்டன் இரண்டு முறை வந்து என்னுடைய பிரெஷர் பார்த்தாள். கூடியிருந்தது. எழுதிக்கொண்டு போனாள்.

அவரிடம் மிஞ்சியது இரண்டு. இங்கா, கார்லா. என்னிடம் முன்னுக்குக் கருவாடும் பலாப்பழமும். பின்னுக்கு இளநீர்.

கார்லா பலாப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் எப்போதும் திருப்பி எடுக்கிற இடம்.

ஸ்வென் பல்லைத் தடவவில்லை. அடிக்கப்போகிறார். எங்கே அடிப்பார் என்றும் தெரியும். நான் இளநீரை விடுவேன் என்று நினைத்து அந்த இடத்துக்கு மின்னல் வைப்பார். கார்லாவை மற்றப் பக்கம் கருவாட்டுக்கு விடுவார்.

இடது கையில் ஊசி குத்திய இடம் துடித்தது. குழாய் சூடாய் இருந்தது.

எடுக்கவில்லை. பலாப்பழத்தை நிற்க விட்டேன். இங்காவை அடி என்று அமத்தினேன்.

கார்லா கருவாட்டை எரித்தது. கருவாடு விழுந்தது. இங்காவின் மின்னல் வந்தது. இளநீர் அங்கே இல்லை. பலாப்பழத்தில் பட்டது. செடிக்கு மின்னல் பெரிதாய் ஒன்றும் செய்யாது. பிறகு எல்லோருக்கும் கடைசியாகப் பலாப்பழம் அசைந்தது. இங்கா விழுந்தது.

ஸ்வென் மூக்கால் மூச்சு விட்டார்.

இளநீர் காயம் இல்லாமல் வந்து நின்றது. எதிரே கார்லா மட்டும். கார்லாதான் வேகம், அதனால் முதல் அடி அதனுடையது. பலாப்பழம் எரிந்து விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். அடுத்தது என்னுடைய அடி. இளநீர்.

திரை ஒரு கணம் மினுங்கியது. என் பெயர் மேலே வந்தது.

காது கேளாத அம்மா குறட்டை விட்டா.

"நீ அதைத் திருப்பி எடுக்கேல்லை" என்றார் ஸ்வென்.

"இல்லை."

"எப்ப பழகினனீ?"

"கொஞ்ச நாளாய்த் தெரியும்."

அவர் சிரித்தார். மெஷின் கத்தவில்லை. அந்த அளவுக்குச் சிரிக்கிற பலம் அவரிடம் இல்லை.

"எத்தினை தரம் விட்டுத் தந்தனீ?"

"எண்ணேல்லை."

"எண்ணு" என்றார். "கொப்பி இருக்குத்தானே. எண்ணிச் சொல்லு."

நல்ல கையை நீட்டினார். நான் அடித்தேன். அந்தக் கை இப்போது கனம் இல்லை.

நாலு மணித்தியாலம் முடிந்தது. கிர்ஸ்டன் அவருடைய ஊசிகளைக் கழற்றி, பஞ்சை வைத்து, வழக்கத்தை விடக் கூட நேரம் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெட்ட தான் தந்த மெஷினைத் திருப்பி வாங்க மறுத்தாள். "வீட்டை கொண்டுபோ" என்றாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டார்.

அவருடைய வீட்டடியில் வாகனத்தை விட்டு இறங்கும்போது சாரதி கையைக் கொடுத்தான். ஸ்வென் வேண்டாம் என்று தானே இறங்கினார். வாசல் வரைக்கும் அவர் போகிறதைப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. காற்று பலமாய் இருந்தது.

புது விரிப்பு

வியாழக்கிழமை ஜன்னலோரக் கதிரையில் புது விரிப்பு. சனிக்கிழமை அதில் ஒரு ஆள். லொறி ஓட்டினவராம். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.

மெட்ட கேட்டாள், விளையாடுவோமா என்று. விளையாடினோம். தோற்றேன். காரணம் எழுதினேன். உண்மையான காரணம்.

தங்கச்சி, மகளிடம் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. கொப்பியில் பொய் எழுதக் கூடாது. தேறுகிறது அதற்குள்தான் இருக்கிறது. நான் பொய் எழுதிய நாட்களில் எனக்கு ஒன்றும் கூடவில்லை. அவருக்கும் கூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வசந்தி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தது. ஸ்வென்னுடைய மகள். நான் அவளை ஒரு முறைதான் கண்டிருக்கிறேன்.

"அப்பா முழிச்சிருக்கிறார்" என்றாள். "கனக்கக் கதைக்க ஏலாது. உங்களிட்டை ஒண்டு கேக்கச் சொல்லுறார். எத்தினை எண்டு மட்டும் கேக்கட்டாம். உங்களுக்கு விளங்குமாம்."

"டெலிபோனை அவரின்ரை காதிலை வையுங்கோ" என்றேன்.

வைத்தாள். மூக்கால் விடுகிற மூச்சுக் கேட்டது.

கொப்பி மேசையில் திறந்தபடி இருந்தது. வியாழக்கிழமையே எண்ணி வைத்திருந்தேன். மறுபடி ஒரு முறை விரலை வைத்து, அவசரம் என்று எழுதிய வரிகளை மேலிருந்து கீழே எண்ணினேன். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்டு."